இல்லை என்று சொல்லக்கூடாத இடம்

— நில்லுங்க அத்தான்! அந்த எருமையள ஒருக்கா நிப்பாட்டுங்க. திட்டக் கந்தோரில இருந்து வந்த றோகான் ஐயாவுக்கு நேத்து நீங்க என்ன சொன்னீங்க?

— பொலி! பொலி! நட ராசா, நட... ஆரு, தங்கமா? மச்சாள், வரம்போட நில்லு. அங்கால கால வைக்காத.

— வரம்பிலதான் நிக்கிறன். நெல்லுச் சூடு மிதிக்கிற களத்துக்குள்ள பொம்பிளை வரப்படாதெண்டு இந்தச் சின்னத்தங்கத்துக்குத் தெரியாதா? அது தெரிஞ்சுதானே நீங்களும் நடுவில நிண்டு ஆட்டம் போடுறீங்க. கேட்டதுக்குச் சொல்லுங்க. அந்த மனிசனுக்கு என்ன சொன்னீங்க?

— "விதானையார், விளைச்சல் எப்பிடி?" எண்டு கேட்டாரு. பெருகிக் கிடக்குது எண்டன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். கொஞ்சம் கூடக்குறைய... சிவசிவா! என்ர வாயால அந்தச் சொல்லையும் வரப்பண்ணிட்டியே! கொஞ்சம் கூடக்கூடச் சொல்லியிருப்பன்.

— துறையில எங்கட சங்கத்துப் பொம்பிளையளப் பாத்து அவர் என்ன சொன்னாரு தெரியுமா? "வாழ்த்துக்கள் அக்கா, நெல்லுப் பாரத்தில உங்கட கொக்குத்தீவு ஒரு முழம் தண்ணிக்குள்ள தாண்டு போச்சாமே" எண்டு சிரிக்கிறாரு. அதக் கேட்டுத்தான் விழுந்தடிச்சு ஓடி வாறன்.

— ஒரு முழமா? அநியாயம். நான் ஒரு சாண் எண்டுதான் சொன்னன்.

— அத்தான்!

— டவுன் ஆள்தானே. சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் தெரியா.

— முதலைக் கதையும் உங்கட வேலைதானே?

— எந்த முதலை?

— சிந்துற நெல்லத் திண்டு திண்டு ஆத்து முதலையெல்லாம் கொழுத்துப்போய், இப்ப மீனக் கண்டா மூஞ்சையத் திருப்புதாம்?

— அதா... அது, எருமையள் ஒரு சுத்துச் சுத்தி வர நேரமெடுக்கும்தானே. அதுமட்டும் அந்த ஐயா சும்மா நிக்கிறாரு. வீடு தேடி வந்த மனிசன வெறுமனே நிக்க வைக்கிறதா? ஒரு முதலையத் தந்தன்.

— உங்களுக்கு விளையாட்டாக் கிடக்கு. ஆறு கடக்க இந்தத் திட்டத்தில இருக்கிறது ஒரு மிதவைப் பாதை. எங்களுக்கு, இல்லாட்டி வேப்பந்துறைக்கு. மத்தியானத்துக்கு முன்னம் கொழும்புக் கந்தோரில இருந்து போன் வரும், அவர் பாத்ததச் சொல்லுவாரு, அதோட தீர்ந்துது. நீங்க என்னடா எண்டா தீவு நெல்லில தாழுதெண்டு சொல்லி வச்சிரிக்கிறீங்க. பெருகிக் கிடக்கிற ஊருக்கு ஆரத்தான் பாதை குடுப்பான்?

— மெதுவாப் பறை, தங்கம். பூதத்துக்குக் காது கூர்மை.

— பூதம்!

— ஓம், பூதம். இந்தக் களத்தச் சுத்தி நிக்குது. ஆராச்சும் உள்ள நிண்டு "இல்ல", "காணாது", "முடிஞ்சுது" எண்டு வாய்விட்டா, சரி, இது ஆருக்கும் வேண்டாத நெல்லு எண்டு அள்ளிக்கொண்டு போயிடும். உன்ர அப்பா சொல்லல்லயா? உன்ர அப்பாட அப்பா சொல்லல்லயா? களத்துக்குள்ள நிண்டு வயலுக்குப் பொறுப்பான விதானை வேற என்னத்தச் சொல்லுறது? நெல்லே இல்லாட்டியும்... பொலி! பொலி! பாத்தியா, திரும்பவும் வரப்பாத்துது.

— அப்ப களத்த விட்டு இறங்கி வந்து சொல்லியிருக்கலாமே?

— எருமை கட்டினா, பெருகுமட்டும் இறங்கேலா.

— முடியுமட்டும் எண்டு சொல்லுங்க.

— நான் சொல்லமாட்டன். நீயும் அதச் சொல்லிக்கொண்டு இஞ்சால நகராத. காலப் பாரு, காலப் பாரு! ஒரு விரல் உள்ள வந்திட்டுது.

— எடுத்திட்டன். எடுத்திட்டன். கடவுளே, கிழக்க எழுவான்கரையில ஆரு இப்ப எருமை கட்டுறான்? மேற்க படுவான்கரையில ஆரு பூதத்துக்குப் பயப்பிடுறான்? உன்னிச்சைப் பக்கமெல்லாம் மெசின் வந்து ஒரு பொழுதில அடிச்சுத் தள்ளிட்டுப் போகுது. மெசின் போடுற சத்தத்தில பூதமே காதப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கும்.

— ஓம், எங்களுக்கும் மெசின் வரும்தான். நீந்தி வரச் சொல்லு.

— அதுக்குத்தானே அத்தான், பாதை! ரெண்டு வள்ளத்துக்கு மேல பலகை அடிச்சு, என்ஜின் பூட்டி, மெசினும் ஏறும், மாடும் ஏறும், வயித்துப்பிள்ளைக்காரியும் படுத்துக்கொண்டு போகலாம். அது வந்தா உங்கட பூதத்துக்கும் ஓய்வு, எனக்கும் ஒரு கண் நித்திரை. என்ர யோகமலருக்குப் பங்குனியில பிள்ளை பிறக்க நாள். தெரியுமா உங்களுக்கு?

— தெரியும்.

— போன தரம் நடந்தது தெரியுமா?

— தங்கம், களத்தில நிக்கிற என்னட்ட அதக் கேக்காத.

— சரி. கேக்கல்ல. அந்தா வாறாரு. நீங்க வாயத் திறக்கப்படாது. எருமையப் பாருங்க. ஐயா! றோகான் ஐயா! இஞ்சால வாங்க, களத்துக்குப் போகாதீங்க, இந்த வரம்புக்கு வாங்க!

— அக்கா, மெதுவா, மெதுவா. சேத்தில விழப்போறீங்க. துறை நல்ல துறை, அக்கா. பாதை கட்டுறதுக்கு அளவான இடம். தண்ணியும் ஆழம்.

— ஐயா, நான் மாதர் சங்கத் தலைவி.

— தெரியுமே. சின்னத்தங்கம் அக்கா. துறையில பேர் சொன்னாங்க.

— உங்கட அப்பாவையும் எனக்குத் தெரியும். அல்பர்ட் மேசன்தானே? புளியந்தீவில தச்சுப் பட்டறை வச்சிருந்த பறங்கி ஐயா. எங்கட துறைத் தோணிக்கு அவர்தான் ஒருக்காப் பலகை மாத்தினவர். பலகைய அடிச்சுப்போட்டு, தோணிக்கு முத்தமும் குடுத்தாரு.

— டடிக்கு அது பழக்கம், அக்கா. செய்த அலுமாரிக்கும் குடுப்பாரு. மம்மிக்குத்தான் குடுக்கமாட்டாரு.

— அவர் பொய் சொல்லாத மனிசன். நீங்களும் அப்பிடித்தான் இருப்பீங்க. அதால சொல்லுறன், இந்தா களத்தில நிக்கிற எங்கட அத்தான் சொன்னது ஒண்டையும் நம்பாதீங்க.

— பொலி! பொலி! ஐயா, பாருங்க, பொலி மலைபோல வருது!

— விதானையார் கூப்பிடுறாரே...

— அவர் கூப்பிடுவாரு. நீங்க திரும்பிப் பாக்காதீங்க. பாத்தா இன்னொரு முதலை வரும். ஐயா, களத்துக்குள்ள நிண்டு இல்லையெண்ட சொல்லச் சொல்லப்படாது. அது எங்கட முறை. நீங்க போய் நடுக்களத்தில நிண்டு விளைச்சல் எப்பிடியெண்டு கேட்டிருக்கிறீங்க. அவர் என்ன செய்வாரு? அங்க நிண்டு கேட்டா செத்தவனும் சுகமெண்டுதான் சொல்லோணும்.

— அப்ப அவர் எனக்குச் சொன்னது பொய்யா, அக்கா?

— ஐயா! அது களத்துக்குள்ள எனக்குக் கேட்டுது! களத்தில நிண்டு சொல்லுறது பொய்யில்... பொலி! அது பொய்யாகாது, ஐயா! அது நெல்லுக்குச் சொல்லுறது. உங்களுக்குச் சொன்னதே கிடையா... பொலி பொலி! நெல்லுக்கும் எனக்கும் நடந்த பேச்சு. நீங்க நடுவில வந்து நிண்டு கேட்டுப்போட்டீங்க!

— அத்தான், எருமையப் பாருங்க!

— அவர் சொல்லுறதிலயும் ஒரு பொயின்ற் இருக்கு, அக்கா. சரி. நீங்க சொல்லுங்க. உண்மையா என்ன நிலைமை?

— அந்தக் குவியல் தெரியுதா, எருமைக்குப் பின்னால?

— எது? அந்த வைக்கோலா?

— அதுதான் நெல்லு. இந்த வயல்வட்டை முழுக்க வெட்டினது அவ்வளவுதான். என்ர முந்தானைய விரிச்சா மூடிப்போடுவன். அதிலயும் பாதி பதர், ஊதினா பறக்கும். சுனாமிக்குக் கடல் முகத்துவாரத்தால ஏறி ஆத்துக்குள்ள வந்துதே, அண்டைக்கு வயல் குடிச்ச உப்ப இன்னும் கக்கி முடியல்ல. மழை பெய்தா கொஞ்சம் ஆறும். மறுகா வெயில் ஏற, வெள்ளையாப் பூக்கும். எங்கட வயல் நெல்லுப் பூக்கிறதவிட உப்புப் பூக்கிறதுதான் கூட, ஐயா.

— தோட்டம்? கத்தரி, மிளகாய் செய்றீங்கதானே? மேட்டுப் பக்கம் பாத்தன், வடிவாத்தான் கிடந்தது.

— கிடக்கும். அந்த மேட்டுக்கு உப்பு ஏறல்ல. காய்க்கும், ஆருக்குக் காய்க்குதெண்டுதான் தெரியா. ஏறாவூர் முகைதீன்பாவா நானா காய் வாங்கத் தோணியோட வருவாரு. நல்ல மனிசன். காத்தடிச்சா வரமாட்டாரு, அவரும் என்ன செய்ய? தை மாசம் கத்தரியெல்லாம் புடுங்கி துறையில குவிச்சிட்டு நிக்கிறம், வாடைக்காத்து விடாம அடிக்குது. தோணி இறங்கேலா. நானா அக்கரையில நிண்டு கைய விரிக்கிறாரு, நாங்க இக்கரையில நிண்டு கைய விரிக்கிறம். ஆட்டுக்குப் போட்டம். ஆடும் ரெண்டாம் நாள் மோந்து பாத்துப்போட்டு நடந்திட்டுது.

— ஆடு? திட்டத்தில ஆடும் குடுத்ததெண்டு சொன்னாங்க.

— ஐயோ, அந்தக் கதையை விடுங்க. சுனாமி முடிஞ்ச கையோட ஆடு வந்தது, ஆட்டுக்குப் புல்லு வந்தது, புல்லுக்குப் போர்டு வந்தது. வயல் செய்ற எங்களுக்கு நீலநிறத்தில மீன்பிடி வள்ளமும் வந்தது. என்ஜின் தரல்ல. அப்ப ஆத்தில என்ஜின் ஓட்டத் தடைதானே. பெருஞ்சண்டை வந்து நாங்க ஊர விட்டு ஓடி, திரும்பி வந்து பாத்தா, அந்த ஆடு இல்ல, புல்லு இல்ல, வள்ளத்தில மரம் முளைச்சிரிக்கி. போர்டு மட்டும் அப்பிடியே நிக்குது. அந்தப் போர்டு செய்த இரும்பில வள்ளம் செய்திருந்தா இண்டைக்கும் ஓடும்.

— அப்ப இந்தப் போகம் அக்கரைக்கு ஏத்தி விக்கிறதுக்கு ஒண்டும் இல்லையா, அக்கா? நெல்லு?

— சாப்பிடவே காணாது.

— மரக்கறி?

— காத்து விட்டா கொஞ்சம். விடாட்டி இல்ல.

— பால், தயிர், கோழி?

— எல்லாம் வீட்டுக்குள்ளதான். ஐயா, நான் கூட்டிச் சொல்லல்ல, குறைச்சும் சொல்லல்ல. எனக்குப் பொய் சொல்லேலா.

— அப்பிடியெண்டா?

— கண்ணகையம்மனுக்கு நேந்திருக்கிறன். என்ர மகள் யோகமலருக்கு இந்தப் பிள்ளை உயிரோட கிடைச்சா, இனி என்ர வாயால பொய் வராது எண்டு. நேந்த நாள் தொடக்கம் ஒண்டும் சொல்லல்ல. நேத்து எங்கட சம்மந்தி மீன்குழம்பு வச்சுப்போட்டு எப்பிடியெண்டு கேட்டா. பேசாம எழும்பி வந்திட்டன்.

— இந்தப் பிள்ளை எண்டு சொல்லுறீங்க. அப்ப முதல்...

— முதல் பிள்ளைய ஆத்தங்கரையில வச்சுப் பறிகுடுத்தனாங்க. அப்ப சண்டை. பொழுது பட்டா தோணி இறக்கப்படாது. நான் வெள்ளைச் சீலையக் கம்பில கட்டி ஆட்டிக்கொண்டு துறையில நிக்கிறன். அவள் மணலில கிடந்து கத்துறாள். விடியட்டும் விடியட்டும் எண்டு அக்கரைக் காவலரணில இருந்து சொல்லுறாங்க. விடிஞ்சுது, ஐயா. பிள்ளைக்கு விடியல்ல.

— ஐயாம் சொரி, அக்கா.

— இப்ப சண்டை இல்ல. ஆரும் தடுக்கமாட்டான். ஆனா காத்து இருக்கே. காத்துக்கு ஆரு சமாதானம் பேசுறது? பங்குனியில அவளுக்கு நோவு வந்தா, அந்தக் கிழத் தோணியில ஏத்திக்கொண்டு நான் எப்பிடிப் போறது? ராவெல்லாம் நித்திரை இல்ல. காத்துச் சத்தம் கேட்டா எழும்பி அவள்ற வயித்தத் தொட்டுப் பாக்கிறன். இப்ப நீங்க உண்மையக் கேட்டிட்டீங்க. உங்கட கந்தோருக்குச் சொல்லுங்க, கொக்குத்தீவில ஒண்டும் இல்ல எண்டு. பாதை எங்களுக்கு வரும்தானே?

— அக்கா...

— ஏன் முகம் இப்பிடிப் போகுது? வரும்தானே, ஐயா?

— அக்கா, கொஞ்சம் இருங்க. இதில இருங்க. நான் இண்டைக்கு ஏன் திரும்பி வந்தன் தெரியுமா? பாக்கிறதுக்கு இல்ல. சொல்லுறதுக்கு. பாதை உங்களுக்குத்தான் எண்டு நேத்துப் பின்னேரமே முடிவு. துறைய அளந்து, சங்கத் தலைவியோட எங்கட கொழும்புக் கந்தோர் மேடம் ரெண்டு வார்த்தை கதைச்சா விசயம் சரி.

— எங்களுக்கா? கடவுளே! அப்ப அத்தான் சொன்னத நீங்க நம்பல்லயா?

— நம்பினன், அக்கா. முதலைய விட்டிட்டு மிச்சத்த நம்பினன். நம்பித்தான் சொன்னன். அதாலதான் கிடைச்சது.

— விளங்கல்ல.

— சுனாமி நேரம் இல்லாத ஆக்களுக்குக் குடுத்தாங்க. சண்டை நேரம் ஓடி வந்த ஆக்களுக்குக் குடுத்தாங்க. அதெல்லாம் முடிஞ்சுது. இப்ப வந்திருக்கிறது வேற காசு, வேற ஆக்கள். வாழ்வாதாரத்த உயர்த்துறது எண்டுறாங்க. ஏத்துறதுக்குச் சாமான் இருக்கிற ஊருக்குத்தான் பாதை. சாமான் இருந்தா கூலி வரும், கூலி வந்தா டீசல் அடிக்கலாம், பாதை ஓடும். ஒண்டும் இல்லாத ஊருக்குக் குடுத்தா, அதிலயும் மரம் முளைக்குமெண்டு அவங்களுக்குப் பயம். வேப்பந்துறை ஆக்கள் நீங்க நினைச்ச மாதிரித்தான் நினைச்சாங்க. எங்களிட்ட ஒண்டும் இல்ல, ஒண்டும் இல்ல எண்டு அழுதாங்க. அதால அவங்க வெட்டுப்பட்டாங்க.

— அப்ப நான்... நான் என்ன செய்துபோட்டன்?

— பொலி! நான் சொன்னன்தானே! கேட்டியா மச்சாள், கேட்டியா! என்ர வாய்தான் பாதையக் கொண்டு வந்திரிக்கி! முதலையும் சேந்து இழுத்திரிக்கி!

— வாய மூடுங்க, அத்தான்! ஐயா, நான் சொன்னத விட்டிடுங்க. நீங்க கேக்கல்ல. காத்து அடிச்சது, உங்களுக்குக் கேக்கல்ல.

— கேட்டிட்டன், அக்கா.

— ஐயா, யோசிச்சுப் பாருங்க. பாதை இல்லாததாலதானே சாமான் இல்ல! உப்பு ஏறாத மேட்டுக்காணி எவ்வளவு சும்மா கிடக்கு தெரியுமா? ஏத்த வழியிருந்தா நாங்க குத்தின இடமெல்லாம் கச்சான்கடலை நடுவம். பொம்பிளையள் தயிர் போடுவாளுகள். பாதை வரட்டும், அடுத்த போகம் வந்து பாருங்க, நிறைச்சுத் தாறம்.

— நான் நம்புறன். சத்தியமா நம்புறன். ஆனா மேடம் கேக்கப் போறது "வருமா" எண்டு இல்ல. "இருக்கா" எண்டு. இருக்கு எண்டா பாதை இஞ்ச, வரும் எண்டா வேற ஊருக்கு.

— நீங்க இருக்கு எண்டு சொல்லுங்க. உங்களுக்கு என்ன நேர்த்தியா?

— அக்கா, டடிய நீங்களே சொன்னீங்க. என்ர வாயால இல்லாதத இருக்கெண்டு சொல்லேலா. ஆனா ஒண்டு செய்றன். நான் வாயே திறக்கமாட்டன். பாதை வாறது உங்கட சங்கத்துப் பேரில. மேடம் கேக்கப் போறதும் உங்களத்தான். நீங்க என்ன சொன்னாலும் நான் பக்கத்தில நிண்டு மறுக்கமாட்டன். அவ்வளவுதான் என்னால ஏலும்.

— என்னையா? என்ர வாயாலயா?

— ஓம்.

— ஐயா, நான் எப்பிடிச் சொல்லுறது? இருக்கெண்டு சொன்னா நேர்த்தி முறியும். அம்மனுக்குச் சொன்ன சொல்லு, அதுவும் அந்தப் பிள்ளைய வச்சுச் சொன்னது. நாளைக்கு ஏதும் நடந்தா, இவள் பொய் சொன்னாள், அதாலதான் எண்டு ஊர் சொல்லத் தேவையில்ல, நானே சொல்லுவன். இல்லையெண்டு சொன்னா பாதை போகும். அப்பவும் அதே பிள்ளைதான் துறையில கிடக்கும். எந்தப் பக்கம் கிறுகினாலும் அவள்தானே கிடக்கிறாள்.

— அந்தா போன் அடிக்குது.

— எடுக்காதீங்க.

— எடுக்கோணும், அக்கா. இந்த வரம்பையும் களத்தையும் விட்டா எங்கயும் சிக்னல் இல்ல. ஹலோ? ஓம் மேடம், றோகான். ஓம், துறை அளந்தாச்சு. ஆழம் ஓகே. என்னது? விளைச்சலா? மேடம், சங்கத் தலைவி பக்கத்தில நிக்கிறாங்க, நீங்களே கேளுங்க. ஓம், தமிழ்லயே கேளுங்க. ஒரு நிமிசம், சத்தத்தக் கூட்டுறன்... இல்ல மேடம், அது எருமை. ஓம், எருமைதான். ஒரு நிமிசம்.

— ஐயா, இத எப்பிடிப் பிடிக்கிறது?

— நான் பிடிக்கிறன், அக்கா. நீங்க கதைங்க. அவங்க கேட்டிட்டாங்க, ஏத்துறதுக்கு இருக்கா எண்டு. பதிலுக்கு நிக்கிறாங்க.

— அம்மா... வணக்கம் அம்மா. நான் சின்னத்தங்கம் கதைக்கிறன். எங்கட தீவில... எங்கட...

— ஹலோ மேடம், லைனில இருக்கிறாங்க. காத்துச் சத்தம், மேடம். அக்கா, பிளீஸ். ஏதாவது சொல்லுங்க. வைக்கப்போறாங்க.

— ஏலா, ஐயா. வாய் வருகுதில்ல. இந்த வரம்பில நிண்டு எனக்கு அந்தச் சொல்லு வராது. அத்தான்! நான் என்னத்தான் செய்ய?

— அந்த வரம்பில ஏன் நிக்கிறாய், தங்கம்? செருப்பக் கழட்டிப்போட்டு, போனையும் கொண்டு, களத்துக்குள்ள வா.